பெட்டிக்குள் விழுந்து பழகட்டும்

நேற்று ஏகாம்பரகுப்பம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போனது. நகரிக்காரர்களுக்கு இது புதிதில்லை, அரக்கோணம் ராஜாளி விமானத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, கடற்படை ஹெலிகாப்டர் பைலட்டுகளுக்குப் பள்ளிக்கூடமே அங்கேதான். பேச்சு சிமுலேட்டர் பக்கம், அதாவது தரையில் நிற்கும் பெட்டிக்குள் உட்கார்ந்தே பறக்கப் பழகுகிற எந்திரத்தின் பக்கம் திரும்பியதும் எனக்குத் தறி பழக்கிய மாமா, "பொம்மைப் பெட்டியில ஓட்டிப் பழகினவன் எப்படிய்யா சண்டைக்குப் போவான்?" என்றார். கடையே சிரித்தது, எனக்கு வரவில்லை.

சேத்தக் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எஞ்சின். நடுவானில் அது நின்றால் பைலட் இடக்கை நெம்புகோலை ஓரிரு நொடிக்குள் இறக்கியாக வேண்டும், இறக்கினால் கீழிருந்து வரும் காற்றே மேல் விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும், சின்ன வயதில் பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அதே சங்கதிதான். தாமதித்தால் விசிறி வேகம் செத்துவிடும். நிஜ ஹெலிகாப்டரிலும் வாத்தியார் கூடவே உட்கார்ந்து இதைப் பழக்குவார், ஆனால் பையனைக் கடைசிவரை தப்புச் செய்ய விடமாட்டார், எப்படி விடுவார்? பெட்டியில் விடலாம். ஒரே காலையில் பத்துத் தடவை விழட்டும், வேர்க்கட்டும், திட்டு வாங்கட்டும்.

இது கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கும் இல்லை. 1929-லேயே அமெரிக்காவில் எட்வின் லிங்க் செய்துவிட்டார். ஆர்கன் என்கிற காற்று வாத்தியம் செய்கிற குடும்பம், அந்தத் துருத்திகளை வைத்தே பெட்டியைச் சாய்த்தார் (நம் பஜனைக் கோயில் ஆர்மோனியத்துக்குத் தூரத்துச் சொந்தம்). முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள். 1934-இல் ராணுவ பைலட்டுகள் தபால் மூட்டையோடு மேகத்திலும் பனியிலும் பறக்கப் போய் வரிசையாகச் செத்த பிறகே ராணுவம் ஆறு பெட்டி வாங்கியது. மேகத்துக்குள் உடம்பு பொய் சொல்லும், சாய்ந்து போவது நேராகப் போவதுபோல இருக்கும். உடம்பை விடு, கருவியின் முள்ளை நம்பு என்று பழக்கியது அந்தப் பெட்டிதான்.

சரி, மாமா பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. போர் விமானம் வளைந்து திரும்பும்போது உடம்பு ஒன்பது மடங்கு வரை கனக்கும், சாதாரணப் பெட்டி அதைத் தராது, அதற்குப் பெங்களூரில் தனியாகச் சுழல் எந்திரம் இருக்கிறது. உயிர் பயமும் பெட்டியில் முழுசாக வராது. அதனால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டு வானத்தில் பறக்கும் மணி நேரத்தை யாராவது வெட்டினால் நான் மாமா கட்சி.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உனக்குத் தறி பழக்கினப்ப நானும் கழிவு நூலைத்தான் கொடுத்தேன். அதுலயே எத்தனை இழை அறுத்த, ஞாபகம் இருக்கா?" என்றார்.