பிளைவீல் எடை மட்டும் போதாது

"பிளைவீல் (உள்ளே சுழலும் சக்கரம்) கனமாக இருந்தால் போதும், விலை குறைந்த எலிப்டிகலில் (நின்றபடி மிதிக்கும் உடற்பயிற்சிக் கருவி) வேறு எதையும் பார்க்க வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. எடையோடு சக்கரம் சுழலும் வேகமும் சேர்ந்துதான் மிதியின் அசைவைச் சீராக்கும். முதலில் காலடி நீளத்தை, அதாவது மிதி முன்னும் பின்னும் நகரும் தூரத்தைக் கேளுங்கள். சராசரி உயரம் உள்ள பெரியவர்களுக்கு 18 முதல் 20 அங்குலம் வசதியாக இருக்கும். மலிவு மாடல்கள் பலவற்றில் 12, 14 தான். நடப்பது போல இருக்காது, சைக்கிள் மிதிப்பது போலத்தான் இருக்கும். அப்புறம் கூரையின் உயரம். சென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடு என்றால் இதை விட்டுவிடாதீர்கள். மிதி உச்சிக்கு வரும் உயரத்தை உங்கள் உயரத்தோடு கூட்டி, தலைக்கு மேல் ஒரு சாணாவது மிஞ்சுகிறதா என்று டேப் வைத்து அளந்த பிறகே பணம் கொடுங்கள். காசிமேடு மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. இணைப்புகளை அடிக்கடி துடைத்து வையுங்கள்.