விசுவாசம் பத்தலன்னு சொல்றவங்களுக்கு, யோவான் 9லேர்ந்து சில கேள்விகள்

ஜெபிச்சும் சுகம் கிடைக்கலன்னா உன் விசுவாசம் பத்தலன்னு நோயாளியவே குறை சொல்றவங்க இருக்காங்க, அவங்களுக்குத்தான் இது. பைபிள்ல யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்துல ஒரு விஷயம் இருக்கு, நிறைய பேர் கவனிக்காம தாண்டிப் போயிடுறோம். மொத்தம் 41 வசனம், அதுல 8லேர்ந்து 34 வரைக்கும் இயேசு ஆளே காணோம். பிறவிக் குருடனோட கண்ணுல சேறு பூசி, சீலோவாம் குளத்துல போய்க் கழுவுன்னு சொல்லிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டாரு, திரும்பி வர்றது 35ல தான். நடுவுல நடக்குறது பூரா விசாரணை. அக்கம்பக்கத்துல உள்ளவங்க "இவன் அவன்தானா, இல்ல அவன் ஜாடையில வேற யாராவதா"ன்னு கேக்குறாங்க, யூத மதத் தலைவருங்களான பரிசேயர் கேக்குறாங்க, பெத்தவங்கள வரச்சொல்லி கேக்குறாங்க, மறுபடியும் அவனையே கூப்பிட்டு முதல்லேர்ந்து கேக்குறாங்க. பாவம், பார்வை கிடைச்ச கையோட கோர்ட்டு கேஸ்.

இன்னொன்னு. அவன் சுகம் வேணும்னு கேக்கவே இல்லங்க. வாசிச்சுப் பாருங்க. ஒரு ஜெபம் இல்ல, ஒரு கூப்பாடு இல்ல, "நீ விசுவாசிக்கிறாயா"ன்னு இயேசுவும் முன்னாடி கேக்கல. சீஷர்கள் அவனப் பார்த்ததும் அவன ஒரு பைபிள் ஸ்டடி கேள்வியா ஆக்கிட்டாங்க, "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம்"னு, அதுவும் அவன் காதுல விழுற தூரத்துல நின்னுக்கிட்டே (கண்ணு தெரியாதவனுக்கு காதும் கேக்காதுன்னு நினைக்கிற ஆளுங்க அப்பவே இருந்திருக்காங்க). இயேசு அவன் பாவமும் இல்ல, அவனப் பெத்தவங்க பாவமும் இல்லன்னு சொல்லிட்டு துப்புனாரு, சேறு உண்டாக்குனாரு, பூசுனாரு. கழுவுன்னாரே தவிர, கழுவுனா பார்வை வரும்னு ஒரு வார்த்தை கூட சொல்லல! ஒரு வாக்குத்தத்தமும் கையில இல்லாம கண்ணுல சேறோட அந்த மனுஷன் நடந்து போறான். 2004ல எருசலேம்ல சாக்கடை பைப் வேலைக்குத் தோண்டுனப்ப அந்தக் காலத்து சீலோவாம் குளத்தோட கல் படிக்கட்டு வெளிய வந்துச்சு, நியூஸ்ல பார்த்திருப்பீங்க. கோயில் இருந்த மேட்டுலேர்ந்து அங்க போக நல்ல இறக்கம். அவன் கோயில் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பான்னு நான் நினைக்கிறேன், முந்தின அதிகாரம் கோயில்லதான முடியுது. அப்படின்னா பட்டணத்து சனம் பார்க்கப் பார்க்க மூஞ்சியில சேறு வழிய தட்டுத் தடுமாறி அந்த இறக்கத்துல இறங்கிருக்கான். அவனுக்குள்ள அப்ப என்ன ஓடுச்சுன்னு யோவான் எழுதல. ஆனா எழுந்து போனான்.

இப்ப நான் எதுக்கு இதையெல்லாம் சொல்றேன்னா, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆன்ட்டி, கிளாக்கோமாவுல கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு கண்ணுலயும் பார்வை போச்சு. அதுல போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவங்கள ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க, மேடையில ஏத்துனாங்க, ஜெபிச்சாங்க, ஒண்ணும் நடக்கல, இறங்கி வரும்போது ஒருத்தர் வந்து ரொம்ப அன்பா கையப் பிடிச்சுக்கிட்டு "சிஸ்டர், உங்க விசுவாசத்துல எங்கயோ ஒரு சந்தேகம் இருக்கு, அதான் தடையா நிக்குது, வீட்டுல யாராவது ரகசிய பாவம் செஞ்சிருக்காங்களான்னும் ஆராஞ்சு பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்பா சொன்னதுதான் கொடுமையே. அந்த அம்மா வயசுக்கும் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஜெபம் பண்ணவங்க. பார்வை போனப்ப கூட அழாதவங்க அதுக்கப்புறம்தான் அழுதாங்க. யார் செய்த பாவம்னு சீஷர்கள் கேட்ட அதே கேள்வி, இயேசு ஒரே வரியில தூக்கிப் போட்ட கேள்வி, ரெண்டாயிரம் வருஷம் கழிச்சும் நம்ம ஆளுங்க அவர் பேர்லயே கேட்டுட்டு இருக்காங்க.

விசுவாசத்த நாம ஆஸ்பத்திரி அட்வான்ஸ் மாதிரி ஆக்கி வச்சிருக்கோம், முழுசா கட்டுனாதான் அட்மிஷன், கம்மியா இருந்தா வெளிய உட்காரு. யோவான் 9 இந்தக் கணக்க அப்படியே தலைகீழாக்குது. அங்க சுகம் முதல்ல வருது, விசுவாசம் கடைசியில வருது, அதுவும் எப்ப வருதுன்னு பாருங்க, சபையவிட்டு அவன வெளிய தள்ளுனதுக்கு அப்புறம்.

அந்த விசாரணைக்குள்ள அவன் எப்படி வளர்றான்னு பார்த்தாதான் இது புரியும். அக்கம்பக்கம் கேட்டப்ப "இயேசு என்னப்பட்ட ஒருவர்"னு மட்டும் சொல்றான், அவர் எங்கன்னு கேட்டா தெரியாதுங்குறான். பரிசேயர் கேட்டப்ப தீர்க்கதரிசிங்குறான். ரெண்டாந்தடவ கூப்பிட்டு, அந்த மனுஷன் பாவின்னு எங்களுக்குத் தெரியும், ஒத்துக்கோன்னு நெருக்குறப்ப சொல்றான் பாருங்க, "அவர் பாவியென்று எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." இதவிட நேர்மையான சாட்சி இருக்கா? தெரிஞ்சத தெரியும்னான், தெரியாதத தெரியாதுன்னான், ஒரு இஞ்ச் கூட்டல குறைக்கல. அப்புறம் கொஞ்சம் குசும்பும் வந்துருது, "அவருக்குச் சீஷராக உங்களுக்கும் மனதுண்டோ"ன்னு பரிசேயர்கிட்டயே கேக்குறான். பிச்சை எடுத்துட்டு இருந்தவன்! எனக்கு இந்த இடம் எத்தன தடவ வாசிச்சாலும் சிரிப்பு வரும். கடைசியில "அவர் தேவனிடத்திலிருந்து வராதிருந்தால் ஒன்றும் செய்யமாட்டாரே"ங்குறான், தூக்கி வெளிய போட்டுட்டாங்க.

இத்தனையும் அவன் இயேசுவோட முகத்தையே பார்க்காம பேசுனது. அவர் பக்கத்துல இருந்தப்ப இவனுக்குக் கண்ணு இல்ல, கண்ணு வந்தப்ப அவர் இல்ல. பார்க்காம நம்பமாட்டேன்னு சொன்ன சீஷன் தோமாகிட்ட இயேசு "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்"னு சொன்னாரே, அத நாம நமக்குத்தான்னு எடுத்துக்குறோம், ஆனா அதே சுவிசேஷத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒருத்தன் முகம் கூட தெரியாத ஒருத்தருக்காக ஜெப ஆலயத்தையே இழந்திருக்கான். பெத்தவங்க அதுக்குப் பயந்துதான "இவன் வயதுள்ளவனாயிருக்கிறான், இவனைக் கேளுங்கள்"னு நழுவுனாங்க. அவங்களயும் நான் தப்பு சொல்லமாட்டேன், ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்குறதுன்னா ஞாயித்துக்கிழமை வேற சபைக்குப் போற மாதிரி இல்ல, ஊரே விலக்கி வைக்கிறது.

பரிசேயர் பத்தியும் ஒண்ணு சொல்லணும். சண்டே ஸ்கூல் டிராமால கருப்புத் தாடி வச்சு வில்லனா காட்டி வச்சிருக்கோம், ஆனா அவங்க வேதத்த சீரியஸா எடுத்த ஆளுங்க. இயேசு இத செஞ்சது யூதர் வேலை செய்யாத ஓய்வுநாள்ல. அந்த நாள்ல செய்யக்கூடாத வேலைன்னு யூத மரபு 39 வகை எண்ணி வச்சிருக்கு, அதுல பிசையுறதும் ஒண்ணு, இயேசு பண்ணது மண்ணையும் எச்சிலையும் பிசைஞ்சதுதான, அவங்க பார்வையில அது நேரடியான மீறல். ஆரம்பத்துல அவங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருந்துச்சு, பாவியான மனுஷன் இப்படிப்பட்ட அற்புதம் எப்படி செய்வான்னு கேட்ட பரிசேயரும் இருந்தாங்க (16ஆம் வசனம்). போகப்போக அந்தக் குரல் காணாமப் போயிருது. தீர்ப்ப முதல்லயே எழுதிட்டு சாட்சிய தேடுற விசாரணைல கண்ணு முன்னாடி நிக்கிற ஆளு கூட தெரியமாட்டான். "முழுவதும் பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ"ன்னு முடிக்கிறாங்க. சீஷர்கள் கேள்வியா கேட்டத இவங்க பதிலா சொல்லிட்டாங்க. அதனாலதான் இயேசு கடைசியில "நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது"ன்னாரு. குருடா இருந்தா பாவம் இல்லன்னு அதே வசனத்துல சொல்றாரு, அத யாரும் போஸ்டர்ல போடுறதில்ல.

சரி, சொந்த ஊர் நாசரேத்துல இயேசுவாலயே அவிசுவாசத்தினால அற்புதம் செய்ய முடியலன்னு எழுதியிருக்குதேன்னு கேப்பீங்க. எழுதியிருக்கு, மாற்கு 6. ஆனா முழுசா வாசிங்க, சில நோயாளிகள்மேல கைவச்சு குணமாக்குனாருன்னும் அங்கயே இருக்கு. நோயாளிங்களுக்கு சுகம் கிடைச்சது, இவன் தச்சன்தான, இவன் அண்ணன் தம்பிய எங்களுக்குத் தெரியாதான்னு பேசுனது ஊர்க்காரங்க. அவிசுவாசம் அவங்களுது. அப்புறம் மத்தேயு 17ல சீஷர்களால ஒரு பையன குணமாக்க முடியல, ஏன்னு கேட்டா "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்"னு இயேசு சொல்றாரு. யார்கிட்ட? பையன்கிட்ட இல்ல, அவன் அப்பாகிட்ட இல்ல, ஜெபிச்ச ஆளுங்ககிட்ட! அப்ப மேடையில ஜெபிச்சு ஒண்ணும் நடக்கலன்னா, இந்த வசனப்படி யார் யாரப் பார்த்து கேள்வி கேக்கணும்? மாற்கு எழுதுன பக்கத்துல அந்த அப்பா "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கதறுறாரு. பாதி விசுவாசம், பாதி சந்தேகம், அத மறைக்கவும் இல்ல. போய் உன் சந்தேகத்த சரி பண்ணிட்டு வான்னு இயேசு திருப்பி அனுப்பல. சுகம் கேட்டு வந்த ஒரு நோயாளியப் பார்த்து உனக்கு விசுவாசம் பத்தல போன்னு அவர் சொன்ன ஒரு இடம் நாலு சுவிசேஷத்துலயும் காட்டுங்க, நான் இந்தப் பதிவ எடுத்துடுறேன்.

பெத்சாயிதா குருடன் எனக்கு இன்னும் பிடிக்கும். மாற்கு 8. இயேசு கைய வச்சிட்டு ஏதாவது தெரியுதான்னு கேக்குறாரு. அவன் "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்"ங்குறான். அதாவது சரியா தெரியல ஆண்டவரே, மசமசன்னு இருக்குன்னு அவர் முகத்துக்கு நேராவே சொல்றான். இன்னைக்கு மேடையா இருந்தா மைக் அவன் வாய்க்கு வந்துருக்கும், பின்னாடி கீபோர்டு ஏறிருக்கும், கூட்டம் கைதட்டக் காத்திருக்கும், முழுசா தெரியுது அல்லேலூயான்னு சொல்றதத் தவிர அவனுக்கு வேற வழியே இருந்திருக்காது. உள்ளத சொன்னதாலதான் ரெண்டாவது தடவ கைய வச்சாரு, எல்லாம் தெளிவா தெரிஞ்சது. மாற்கு இத எங்க வச்சிருக்காருன்னு பாருங்க, அடுத்த பத்திலயே பேதுரு "நீர் கிறிஸ்து"ங்குறாரு, அதுக்கு அடுத்த மூச்சுல சிலுவைன்னு கேட்டதும் இயேசுவையே கடிந்துக்குறாரு. பேதுருவுக்கும் அப்ப மரம் நடக்குற பார்வைதான். ஆனா தனக்கு முழுசா தெரியுதுன்னு நினைச்சுட்டாரு.

மாற்கு 10ஆம் அதிகாரத்துல எரிகோ ஊர்க் குருடன் பர்திமேயு. அவனுக்குக் கண்ணு தெரியாதப்பவே "தாவீதின் குமாரனே"ன்னு (வரப்போற மேசியாவுக்கான பட்டம் அது) இயேசுவக் கூப்பிடத் தெரிஞ்சிருக்கு. கண்ணு நல்லா இருந்த கூட்டம் பேசாதிருன்னு அதட்டுது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாக்கோபும் யோவானும் வலது பக்க சீட்டு, இடது பக்க சீட்டுன்னு கேட்டு வந்தாங்க, ரெண்டு இடத்துலயும் இயேசு கேட்டது ஒரே கேள்வி, உங்களுக்கு நான் என்ன செய்யணும். கூடவே சுத்துன சீஷங்க பதவி கேட்டாங்க, வழியோரம் உட்கார்ந்திருந்தவன் பார்வை கேட்டான், கிடைச்சதும் அவர் பின்னால எருசலேமுக்குப் போற வழியில நடந்தான், சிலுவைக்குப் போற வழி அது. "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது"ன்னு இயேசு சொன்னது நிஜம்தான், நான் மறுக்கல. ஆனா அவன் விசுவாசம் கண்ணு திறக்குறதுக்கு முன்னாடியே பார்த்துட்டு இருந்த விசுவாசம். கண்ணு திறக்காமலே போயிருந்தாலும் அவன் பார்த்தது பொய்யாகியிருக்காது.

நான் சும்மா வாதத்துக்கு சொல்லல. அமெரிக்காவுல ஃபேனி கிராஸ்பின்னு ஒரு அம்மா, 1820ல பிறந்தவங்க, கைக்குழந்தையா இருக்குறப்பவே பார்வை போச்சு, 1915ல சாகுற வரைக்கும் திரும்பவே இல்ல. எழுதுன ஞானப்பாட்டு எட்டாயிரத்துக்கு மேல. அதுல சிலது தமிழாகி இன்னைக்கும் நம்ம ஆராதனைல பாடுறோம். அந்த அம்மாவுக்கு விசுவாசத்துல குறைன்னு சொல்ல எந்த பாஸ்டருக்கு தைரியம் இருக்கு? அதே நம்ம சபையில, பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்திருக்குற கண்ணு தெரியாத அண்ணன்கிட்ட சொல்ல மட்டும் தைரியம் வந்துருது. இதுல பிரசங்கத்துல பாவத்துக்கும் புத்தியில்லாததுக்கும் குருடன் குருடன்னு வாரா வாரம் உதாரணம் வேற. ஒரு தடவ அந்த அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து அத கேட்டுப் பாருங்க.

அற்புதமே இல்லன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி ஆரம்பிக்காதீங்க. சுகம் கேட்டு ஜெபிங்க, நானும் ஜெபிக்கிறேன், அந்த ஆன்ட்டிக்காகவும்தான். ஆனா அற்புதத்தப் பார்த்தவன் எல்லாம் பார்வை உள்ளவன்னு சுவிசேஷம் சொல்லல. இயேசு அற்புதமா குடுத்த அப்பத்தத் தின்ன கூட்டம் யோவான் 6 முடியுறதுக்குள்ள கலைஞ்சு போச்சு. செத்துப்போன லாசரு, இயேசு கூப்பிட்டதும் கல்லறையவிட்டு எந்திரிச்சு வந்தத கண்ணால பார்த்த சிலர் நேரா பரிசேயர்கிட்ட போய் போட்டுக் கொடுத்தாங்க. அதனால சாட்சி நேரத்துல சுகமானவங்களுக்கு மட்டும் மைக் குடுக்குறத நிறுத்திட்டு, சுகமாகாம வருஷக்கணக்கா அதே பெஞ்சுக்கு வந்துட்டே இருக்குறவங்களுக்கும் குடுங்க. அவங்ககிட்ட சொல்ல நிறைய இருக்கு.

கமெண்ட்ல மத்தேயு 9:29 "உங்கள் விசுவாசத்தின்படி உங்களுக்கு ஆகக்கடவது" கண்டிப்பா வரும், தெரியும். தாராளமா போடுங்க. அப்படியே 30ஐயும் சேர்த்துப் போடுங்க, கண்ணு திறந்ததும் அந்த ரெண்டு குருடருங்ககிட்டயும் இத ஒருத்தருக்கும் தெரியாம பார்த்துக்கோங்கன்னு இயேசு கண்டிப்பா சொல்லி அனுப்புனாரு. அத முதல்ல உங்க கூட்டத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிற ஆளுகிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.