சோறு போடாத படிப்பு என்று சொன்னவருக்கு

நம் குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் நடந்த பாராட்டு விழாவில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். நம் கடற்கரைப் பெண் ஒருத்தி சுற்றுச்சூழல் சட்டத்தில் மேற்படிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறாள். பொன்னாடை போர்த்திய கையோடு மைக்கைப் பிடித்த மூத்த வழக்கறிஞர், “இது சோறு போடாத படிப்பு மக்களே, பேசாமல் சிவில் பக்கம் வந்துவிடு” என்றார். அவர் சொன்னதைவிட, அதைக் கேட்டுக் கூட்டம் சிரித்ததுதான் எனக்கு வலித்தது. அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள்.

இந்த மாவட்டத்துக்கு இன்று மிக அவசரமாகத் தேவைப்படும் படிப்பு அதுதான். மறுப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிட்டு மறுக்கட்டும்.

கிள்ளியூர் வட்டாரத்தில் கீழ்மிடாலம், இனையம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி வைத்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைக்கப்பட்டது. அந்த நாட்களில் பக்கத்து ஊர்ப் பங்கு மண்டபத்தில் திட்ட அறிக்கையை விளக்கப் போயிருந்தேன். வயதான அம்மா ஒருவர் ரேஷன் கார்டு உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த பட்டாவை எடுத்து நீட்டினார். “இதில் என் கிணறு இருக்கிறதா மக்களே?” என்று கேட்டார். கைமாறிக் கைமாறி வந்த வரைபட நகலில் சர்வே எண்கள் கறுத்துப் போயிருந்தன. ஆங்கில அறிக்கையைத் திறந்து, பட்டாவில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடினோம். அந்த அம்மா நகரவே இல்லை. அவருக்குப் பின்னால் பட்டாவோடு வரிசை நீண்டுகொண்டே போனது.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அறிக்கையின் சுருக்கம் மட்டும் மாநில மொழியில் இருந்தால் போதும் என்கிறது. நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள், உப்பு நீர் உள்ளே புகுந்தால் என்ன செய்வார்கள் என்ற விவரமெல்லாம் முழு அறிக்கையில் கிடக்கிறது. அதைப் படித்து அந்த அம்மாவுக்கு அவர் மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் நல்லவர்கள் வருகிறார்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக வரப்போகிறவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

“எல்.எல்.பி.யிலேயே சுற்றுச்சூழல் சட்டம் ஒரு தாள் இருக்கிறதே” என்பார்கள். நானும் அந்தத் தாளை எழுதித்தான் தேறினேன். 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று ஆண்டுகளை ஒப்பித்து மதிப்பெண் வாங்கினோம். கடலோரத்தில் எங்கே எதற்குத் தடை என்று காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைக் கையில் எடுத்து எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. மேற்படிப்பு அங்கேதான் தொடங்குகிறது: எந்த அறிக்கையில் எது விடுபட்டிருக்கிறது, எந்த அனுமதியை எத்தனை நாளுக்குள் எங்கே எதிர்க்க வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்குப் பிறகு ஊரே திரண்டு போய் நின்றாலும் அந்த மேல்முறையீட்டை எடுக்க மாட்டார்கள்.

இன்னொரு வாதம்: கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் இயற்கையாகவே இருக்கிறது, எடுத்துவிட்டால் கதிரியக்கம் குறையும், ஊருக்கு வேலையும் கிடைக்கும். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆனால் குறையும் என்றால் அதை நிரூபியுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு தொழில் தொடங்குபவருடையது என்று 1996-இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கு. நம் தமிழ்நாட்டு மக்கள் தொடுத்தது. இந்தியா முழுக்க இன்று மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. அதைச் சோறு போடாத சட்டம் என்று ஒரு வழக்கறிஞரே சொல்லலாமா?

“வளர்ச்சிக்கு எதிரிகள்”, “வெளிநாட்டுப் பணம்” என்று எழுதுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கடற்கரைக்காரன் என்றால் கூச்சல் போடுவான், மறியல் செய்வான், அவ்வளவுதான் என்று ஒரு நினைப்பு இங்கே பலருக்கு உண்டு. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடலிலிருந்து திரும்பி வராதவர்களுக்காகக் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் எங்களைப் பார்த்தார்கள். கடலரிப்பைத் தடுக்கும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கேட்டு நின்றாலும் அதே பார்வைதான். சட்டம் படித்துவிட்டு வந்தால் அதற்கும் சிரிக்கிறார்கள். நாங்கள் எப்படித்தான் பேச வேண்டும்?

இப்போது கூச்சல் போடவும் இடமில்லை. 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு அளித்து குறிப்பாணை வெளியிட்டது. நம் கடற்கரை மணல் கனிமங்கள் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. மேடையும் மைக்கும் ஆட்சியரும் இல்லை என்றால், மிச்சம் இருப்பது மனுவும் மேல்முறையீடும்தான். அதை எழுதப் படித்தவர்கள் வேண்டும். ஒருத்தி போதாது, ஊருக்கு ஒருவர் வேண்டும்.

மேற்குக் கடற்கரை ஊர்களில் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் அலுவலகம் திறந்திருக்கும்.