ஜூலை 1-க்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

"அமைதிக்கு எதுக்கும்மா படிப்பு? வாயை மூடிட்டு இருந்தா அமைதிதானே!" கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை அண்ணன் கேட்டது இது. 38 வயசில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன், அமைதியும் மோதல் தீர்வும்தான் பாடம் என்று சொன்னதற்கு வந்த பதில். கிண்டல்தான். ஆனால் மூணு நாளாக மனசை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

போலீஸ் ஸ்டேஷனில் அகதிப் பதிவுக்குக் காத்து நிற்கும்போது அம்மா என் கையை அழுத்துவாள், "அமைதியா இரு புள்ள." குழாயடியில் எவளாவது "சிலோன்காரிக்கு வாயைப் பாரு" என்றால், "சமாதானமா போயிரு." தமிழில் இதற்கு இருக்கிற இரண்டு சொல்லையும் நான் முதலில் கேட்டது இப்படித்தான்.

எங்கள் கதை தெரியாதவர்களுக்கு: தாத்தா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த எங்களைப் போன்ற தோட்டத் தமிழரை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொள்ள, 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தக் கணக்கு 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974-ல் இந்திரா காலத்தில் நாட்டுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். முட்டைகோஸ் மூட்டை பிரிக்கிறவன்கூட ஒரு தடவை கை விட்டுப் பார்ப்பான். கொழுந்து பறிக்கிற எவளிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தார், பலிக்கவில்லை.

தாத்தாவின் அண்ணன் கப்பலேறி வந்து தமிழக அரசின் தேயிலைத் தோட்டமான டான்டீயில் சேர்ந்தார். அரசு 1968-ல் அந்தத் தோட்டங்களைத் தொடங்கியதே தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான். (பிறந்த ஊரை விட்டு வந்தவருக்கு 'தாயகம் திரும்பியவர்' என்று பேர்!) தாத்தாவோ சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். 1977 கலவரத்தில் லயத்தைக் கொளுத்தினார்கள். வவுனியாவுக்கு ஓட்டம், 1985-ல் அங்கிருந்தும் மன்னார் வழியாகப் படகு. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் தாயகம் திரும்பியவர், ஒருவர் அகதி. கடைசியில் கோத்தகிரியில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு பீட்ரூட் பாத்தி. அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் சண்டை வந்தால் எங்களை "அகதி" என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் மட்டும் யோக்கியமா? இந்தத் தேயிலைக்கு முன்னால் இந்தக் காட்டில் இருந்த குறும்பரையும் இருளரையும் பற்றி எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு நாள்கூடப் பேச்சு வந்ததில்லை.

நான் 1987 பிப்ரவரியில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தேன். தம்பி 1988 நவம்பரில், கோத்தகிரியில். குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் போதும், பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பிறகு பிறந்தவனுக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். 35 வருஷம் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 2022-ல், என்னைப் போலவே மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நான் வக்கீலைத் தேடிப் போனேன். இப்போது நான் முன்னாள் அகதி. சட்டத்தைப் பார்த்தால் நான் அகதியாக இருந்திருக்கவே வேண்டியதில்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.

தம்பி இன்னும் அகதிதான். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்துகிறார்கள் என்றதும் டிவி முன்னால் உட்கார்ந்தான். எந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சலுகை என்ற பட்டியல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு முடிந்துபோனது, இலங்கை இல்லை. 2021-ல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றினார்கள். நல்ல பேர்.

பாடத்தில் முதலில் வந்தவர் யோஹான் கால்டுங். 1959-ல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனம் தொடங்கிய நார்வேக்காரர். அடிதடி ஓய்ந்திருப்பதை எதிர்மறை அமைதி என்கிறார். அநியாயமும் ஒழிந்தால்தான் அது நேர்மறை அமைதி. அடிக்கிற கை யாருடையது என்றே தெரியாத வன்முறைக்கு, 1969-ல் எழுதிய கட்டுரையில், கட்டமைப்பு வன்முறை என்று பேர் வைத்தார். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அம்மா என் கையை அழுத்தியதெல்லாம் இதற்குள் இருக்கிறது என்று தோன்றியது.

ஆனால் எனக்கு இந்தப் படிப்போடு ஒரு சண்டை உண்டு. வட அயர்லாந்தின் 1998 அமைதி உடன்பாடு வருகிறது, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை ஆணையம் வருகிறது. வரட்டும். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் எங்கே? ஒரு துப்பாக்கி வெடிக்காமல், இரண்டு நாடும் நட்பாகக் கைகுலுக்கி, ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டதாக எழுதிக்கொண்டார்கள். அந்தத் தீர்வு இன்னும் எங்கள் வீட்டுக்குள் அக்காவையும் தம்பியையும் பிரித்து வைத்திருக்கிறது. யாருடைய மோதலோ அவர்களையே கேட்காமல் தீர்த்தால் என்ன ஆகும் என்று பாடம் நடத்த ஆஸ்லோ வரை போக வேண்டாம், கோத்தகிரி பஸ் ஏறினால் போதும்.

இந்த மாதம் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும், 'உங்களுக்குத் தெரிந்த ஒரு மோதலை ஆராய்க.' ஜூலை 1 பற்றி எழுதப்போகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எழுதுக்கா. என் பேரை மட்டும் போட்டுடாத, க்யூ பிராஞ்ச்ல கூப்பிட்டுக் கேப்பாங்க."

க்யூ பிராஞ்ச் என்றால் எங்களைக் கண்காணிக்கிற போலீஸ் பிரிவு. பேரைப் போடவில்லை. இங்கேயும்தான்.