கீமோ மாத்திரை கொடுப்பவருக்கும் பயிற்சி வேண்டாமா?

கீமோ என்றதும் சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டிலும் பக்கத்தில் நிற்கும் நர்ஸும்தான் நம் கண்ணில் வருவார்கள். ஆனால் கேப்சிடபின், இமாடினிப், அபிராடெரோன் என்று எத்தனையோ புற்றுநோய் மருந்துகள் இன்று மாத்திரையாக வீட்டுக்கே போய்விட்டன. மாத்திரை விழுங்கும்போது பக்கத்தில் நர்ஸ் இருக்க மாட்டார். அதைக் கடைசியாகக் கையில் வாங்கிப் பார்க்கிற ஆள் கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநர்தான். பெரிய மருத்துவமனையில் ஊசி மருந்து கலக்குபவருக்கு மட்டும் தனிப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கேப்சிடபினை வழக்கமாக 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும், அதுவும் உணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அபிராடெரோன் நேர் எதிர், வெறும் வயிற்றில்தான், உணவோடு போட்டால் உடம்பில் ஏறும் அளவு பல மடங்கு கூடிவிடும். பழக்கதோஷத்தில் இரண்டுக்கும் "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று கவரில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? இதய நோய்க்கு ஏற்கனவே வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர் என்றால் இன்னும் சிக்கல், கேப்சிடபின் சேர்ந்ததும் ரத்தம் உறைவது குறைந்து கசிவு வரை போகலாம். இரண்டு மருந்தையும் எழுதியது இரண்டு டாக்டர்கள், ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்திருக்கவே மாட்டார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்க வேண்டிய இடம் கவுண்டர்தான்.

காய்ச்சல் விஷயம் இதைவிட மோசம். கீமோ போட்டுப் பத்து நாள் ஆன ஒருவருக்கு காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டுகிறது, வீட்டிலிருந்து யாரோ வந்து பாரசிட்டமால் கேட்கிறார்கள். சாதாரணமாக எடுத்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அது, காய்ச்சலை அமுக்கிவிட்டால் கிருமித் தொற்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். பயிற்சி உள்ளவர் மாத்திரையை எடுப்பதற்கு முன் "கீமோ கடைசியா எப்போ?" என்று கேட்பார், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புற்றுநோய் சிகிச்சை) எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் இப்படித்தான், போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. அது அந்தச் சிகிச்சையால் வந்த பெருங்குடல் அழற்சியாக இருந்தால் தேவைப்படுவது ஸ்டீராய்டு.

பயிற்சி என்றால் ஸ்லைடு போட்டு இரண்டு மணி நேரம் பேசி சான்றிதழ் கொடுப்பது இல்லை. நிஜமான சீட்டுகளை எதிரில் வைத்து, உயரம் எடையிலிருந்து டோஸை மறுபடி கணக்குப் போட வைக்க வேண்டும். 1994இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மருத்துவமனையில் நான்கு நாளுக்கான மொத்த சைக்ளோபாஸ்பமைடு (ஒரு கீமோ மருந்து) அளவை ஒவ்வொரு நாளும் கொடுத்துவிட்டார்கள். பெட்ஸி லேமன் என்ற பத்திரிகையாளர் இறந்துபோனார். பேர்பெற்ற மருத்துவமனை, டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் என்று பல கண்கள், யார் கண்ணிலும் படவில்லை. தவறு வெளியே வந்ததே அடுத்த ஆண்டு தரவுகளைச் சரிபார்த்தபோதுதான்.

"மருந்தாளுநர் டாக்டர் வேலையைப் பார்க்கப் போகிறாரா" என்று சிலர் கேட்பார்கள். சீட்டை மாற்ற வேண்டாம், சந்தேகம் என்றால் போன் போட்டுக் கேட்கட்டும், கேட்டதற்கு எரிந்து விழாமல் இருந்தால் சரி. அப்புறம் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: எத்தனையாவது சைக்கிள் (சிகிச்சைச் சுற்று), என்றைக்கு ஆரம்பம், உயரம், எடை, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, இவ்வளவையும் சீட்டிலேயே எழுதுங்கள். இது இல்லாமல் எவ்வளவு படித்த மருந்தாளுநரும் எதை வைத்துச் சரிபார்ப்பார்?