வீல்சேர் கொடுத்தால் முடிந்ததா? சீட் யார் பார்ப்பது?

விமான டிக்கெட் எடுக்கும்போது ‘வீல்சேர் உதவி வேண்டுமா’ என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டுவிட்டால் மாற்றுத்திறனாளி பயணிக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த டிக் விமானத்தின் கதவு வரைக்கும்தான் கூட வரும். உள்ளே போனபிறகு எந்த சீட், அதில் எப்படி ஏறி உட்காருவது, பக்கத்தில் யார் இருப்பது என்பதை டிக்கெட் எடுக்கிற இடத்தில் எங்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

என் தம்பிக்கு பைக் விபத்தில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வேலை விஷயமாக டெல்லிக்கு அடிக்கடி போய்வருகிறான். பல தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வீல்சேர் நேரத்துக்கு வந்துவிடுகிறது. தள்ளிக்கொண்டு வரும் பையன்கள் தங்கமான பையன்கள். சிக்கல் எல்லாம் சீட்டில்தான்.

ஏர்லைன்ஸ்காரர்கள் வீல்சேர் பயணிகளை மூன்று வகையாகப் பிரித்துக் குறித்துக்கொள்கிறார்கள். படி ஏறுவார், சீட் வரைக்கும் நடப்பார், ஆனால் ஏர்போர்ட்டில் நெடுந்தூரம் நடக்க முடியாது என்றால் அது ‘ஆர்’. படி ஏற முடியாது, உள்ளே மெல்ல நடப்பார் என்றால் ‘எஸ்’. சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்றால் ‘சி’. தம்பி ‘சி’ வகை. இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்துகொண்ட அதே கம்ப்யூட்டர், காசு கட்டி சீட் எடுக்காவிட்டால் அவனுக்கு இருபதாவது வரிசையில் ஒரு நடு சீட்டை ஒதுக்கிவிடும். ‘சி’ என்று குறித்திருப்பதற்கும் சீட் ஒதுக்குவதற்கும் சம்பந்தமே இல்லை.

நடக்க முடியாதவர் சீட்டுக்கு எப்படிப் போகிறார் என்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய சொந்த வீல்சேர் விமானத்துக்குள் போகாது, நடைபாதை அவ்வளவு குறுகல். அதனால் கதவருகே ஒரு ஒடுக்கமான நாற்காலிக்கு மாற்றி, பெல்ட் போட்டு, வரிசை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து சீட்டுக்கு மாற வேண்டும். நடைபாதை ஓர சீட்டின் கைப்பிடி மேலே தூக்கக்கூடியதாக இருந்தால் தம்பி தன் கை பலத்திலேயே சறுக்கி மாறிவிடுவான், யாரும் தொட வேண்டியதில்லை. கைப்பிடி தூக்க முடியாததாக இருந்தால் ஒருவர் அக்குளுக்குள் கை கொடுத்து, இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே பிடித்து, கைப்பிடிக்கு மேலாகத் தூக்கிப் போட வேண்டும். சுற்றி இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வளர்ந்த ஆணை மூட்டை மாதிரி.

அப்படித் தூக்கிய ஒரு தடவை இடுப்பின் பக்கவாட்டில் கைப்பிடி உரசித் தோல் கிழிந்துவிட்டது. உணர்வு இல்லாததால் அவனுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போதுதான் இரத்தம் பார்த்தோம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த மாதிரி ஒரு சின்னக் காயம் என்ன பாடுபடுத்தும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆறுவதற்கு வாரக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தான். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். படுக்கைப் புண் வராமல் பார்ப்பதுதான் அங்கே முதல் பாடம். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும், குஷனை விடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி அனுப்புவார்கள். டெல்லி வரைக்கும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நடு சீட்டில், இரண்டு பக்கமும் அந்நியர்களின் முழங்கை இருக்கும்போது எப்படிக் கையை ஊன்றுவது?

இதில் வேதனை என்னவென்றால், தூக்கக்கூடிய கைப்பிடி பல விமானங்களில் இருக்கவே செய்கிறது. ஓர சீட்டின் கைப்பிடிக்கு அடியில், பின்பக்கம் அது சாய்வுப் பகுதியோடு சேரும் இடத்தில், ஒரு சின்ன பட்டனோ லீவரோ இருக்கும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் மேலே போய்விடும். பணியில் இருப்பவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. “இது வராது சார்” என்று அவர்கள் சொல்ல, தம்பியே கையை விட்டுத் துழாவித் தூக்கிக் காட்டியிருக்கிறான்.

நல்ல மனதோடு உதவுகிறவர்கள்கூட இங்கே தவறிவிடுகிறார்கள். கவுண்ட்டரில் இரக்கப்பட்டு, “முதல் வரிசை தருகிறேன் சார், கால் நீட்டிக்கலாம்” என்பார்கள். முதல் வரிசையில் முன்னால் சீட் இல்லாததால் சாப்பாட்டுத் தட்டைப் பெரும்பாலும் கைப்பிடிக்குள் மடக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கைப்பிடி அசையாது. ஆக, கால் மடக்க முடியாதவருக்கு அருமையான சீட், தம்பிக்கோ மோசமான சீட். ‘மாற்றுத்திறனாளி சீட்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. போலியோவில் வலது கால் மடங்காதவருக்கு நடைபாதை வலது கைப்பக்கம் வர வேண்டும். இரண்டு பக்கமும் மும்மூன்று சீட் உள்ள விமானத்தில் அது ‘சி’ என்று எழுத்து போட்ட சீட் (முன்னே சொன்ன வீல்சேர் வகை ‘சி’ வேறு). இடது கால் என்றால் ‘டி’. பக்கவாதம் வந்தவருக்கு பலமுள்ள கை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். காது கேளாதவருக்குப் பணியாளர்களின் முகமும் சைகையும் தெரிகிற இடம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஜன்னல் ஓரமும் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ. கேட்டால்தானே தெரியும்?

தூத்துக்குடிக்குப் போகும் ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானத்தில் கணக்கே தலைகீழ். அதில் பயணிகள் ஏறும் கதவு பின்னால் இருக்கிறது. அங்கே முதல் வரிசைதான் கதவுக்கு ரொம்பத் தூரம். முன்னால் உட்கார வைத்தால், விமானத்தின் முழு நீளத்துக்கும் அந்த ஒடுக்கமான நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது காசு. இன்று ஓர சீட்டுக்குத் தனிக் கட்டணம், முன் வரிசைக்கு அதைவிட அதிகம். விருப்பத்துக்கு ஜன்னல் கேட்பவர் காசு கொடுக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உடம்பின் தேவைக்காகக் கேட்பவரிடமும் அதே கட்டணத்தை வாங்குவது எந்த வகையில் சரி? கூட வருபவருக்கும் பக்கத்து சீட்டைக் காசு கட்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரோடு சேர்த்து சீட் கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் இன்னொருவர் கை வேண்டியிருக்கும் ஒரு பெரியவருக்கும் அதே நியாயம்தானே.

அமெரிக்காவில் இதையெல்லாம் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே 1986இல் வந்த சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில், கைப்பிடி தூக்கக்கூடிய சீட் யாருக்கு, பக்கத்து சீட்டில் உதவியாளர் யாருக்கு, கால் மடங்காதவருக்கு எந்தப் பக்கம் என்று தனித்தனியாக இருக்கிறது. நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் உட்காரக்கூடிய வரிசைகளில் பாதி ஓர சீட்டுகளுக்காவது தூக்கும் கைப்பிடி வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்காக பிசினஸ் கிளாஸைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை, வாங்கிய வகுப்புக்குள்ளேயே பொருத்தமான சீட். கனடாவில் இன்னும் ஒரு படி மேலே போய், உதவியாளர் கட்டாயம் தேவைப்படுகிறவரிடம் உள்நாட்டு விமானத்தில் ஒரு கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2008இல் தீர்ப்பாகி, மறு ஆண்டே பெரிய ஏர்லைன்ஸ்களில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

நம் நாட்டில் போராட்டம் இன்னும் ‘ஏற்றிக்கொள்வார்களா’ என்ற இடத்திலேயே அதிகம் நடந்திருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012இல் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பினார். சீட்டில் உட்கார்ந்துவிட்டவரை இறக்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 2016இல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2022இல் ராஞ்சியில் ஒரு சிறப்புக் குழந்தையை வேறொரு ஏர்லைன்ஸ் ஏற்ற மறுத்தபோது அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் அபராதம் போட்டார்கள். ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, உடல்நிலை பற்றிச் சந்தேகம் வந்தால் டாக்டர் நேரில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று விதியும் இறுகியது. ஏறும் உரிமையை இப்படி வழக்குப் போட்டு வாங்கியாயிற்று. உட்காரும் உரிமைக்கும் இன்னொருவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

பாதுகாப்பு என்று ஒரு பதில் வரும். அதை நான் ஒதுக்கவில்லை. அவசர வழி இருக்கும் வரிசையில் தம்பியை உட்கார வைக்கக் கூடாது என்பதை நாங்களும் ஏற்கிறோம், கேட்டதும் இல்லை. ஆனால் “ஆபத்து வந்தால் மற்றவர்கள் வெளியேறத் தடையாக இருப்பார், அதனால் ஜன்னல் ஓரம்” என்று சொல்லி, இரண்டு சீட்டைத் தாண்டி அவனை இழுத்துப் போகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அதே ஆபத்தில் அவனையும்தானே வெளியே கொண்டுவர வேண்டும்?

ஏர்லைன்ஸ்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. வீல்சேர் கட்டத்தில் டிக் போட்டதும், தூக்கும் கைப்பிடி வேண்டுமா, எந்தக் கால் மடங்காது, கூட வருபவர் யார் என்று மேலும் சில கேள்விகள் வரட்டும். அதற்கேற்ற சீட்டைக் கட்டணம் இல்லாமல் பூட்டி வையுங்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் அந்தக் குறிப்பும் புது விமானத்துக்குப் போகட்டும். இப்போது விமானம் மாறினால் நாங்கள் பேசி வாங்கிய சீட்டும் காணாமல் போகிறது.

அதுவரைக்கும், பயணம் போகிறவர்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே கால்சென்டரில் சொல்லிவிடுங்கள். ‘வீல்சேர் வேண்டும்’ என்று மட்டும் சொல்லாமல் ‘இன்ன காரணத்தால் இன்ன சீட்’ என்று சொல்லி, அதை டிக்கெட் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மெயிலிலும் ஒரு வரி வாங்கி வையுங்கள். சீட்டுக்கு மாறுவதற்கு முன் கைப்பிடி தூக்கிவிட்டதா என்று பாருங்கள், அதற்கு அப்புறம் அவர்கள் கை வைக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் கேபின் பணியில் இருப்பவர்களோ, சொந்தமாக வீல்சேரில் பறக்கிறவர்களோ இருந்தால் ஒரு உதவி. எந்த விமான வகையில் எந்த வரிசையின் ஓரக் கைப்பிடி தூக்க வருகிறது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியலாகப் போடுகிறேன்.