தண்டால் வெறும் வார்ம்-அப் இல்லை
"எடை தூக்காமல் தசை வளராது, தண்டாலும் பஸ்கியும் வெறும் வார்ம்-அப்தான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி, ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் உடற்பயிற்சியையே விட்டுவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோவுக்கு மேல். சுமை இரும்பா உடம்பா என்று தசைக்குத் தெரியாது. இனி ஒன்றுகூட முடியாது என்ற நிலையை நெருங்கும்வரை செய்கிறோமா என்பதுதான் முக்கியம். முட்டி ஊன்றி எடுத்தால் சுமை உடல் எடையில் ஏறக்குறைய பாதியாகக் குறையும், காலை நாற்காலியில் வைத்தால் கூடும். 30 தண்டால் சுலபமாக வந்துவிட்டால் அடுத்த கடினமான வகைக்குப் போங்கள். அதே எண்ணிக்கையில் மாதக்கணக்கில் நிற்பவர்களுக்குத்தான் பலன் நின்றுபோகிறது. அப்புறம், உடல் இறுகித் தெரியத் தசைக்கு மேலே உள்ள கொழுப்பும் குறைய வேண்டும், அதற்குச் சாப்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. முதுகுத் தசைகளுக்கு இழுக்கும் பயிற்சி வேண்டும், தரையில் மட்டும் அது போதுமான அளவு கிடைக்காது. உறுதியான ஒரு கம்பி இருந்தால், அதில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் செய்யலாம்.